துண்டுக்குள் நானூறு அடி

அந்தப் போனைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள் சார். பிடுங்க மாட்டேன், பயப்படாதீர்கள். அதில் ஓடுகிறதே ஒரு வரைபடம், அது எந்த ஆப்? ஓ, ரோடு காட்டுகிற ஆப்பா. அதை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கலாம் சார், ஒரு சோற்று டப்பாவைக் கண்டுபிடிக்க முடியாது. பதினோரு நாளாக ஆப் தேடி அலைந்தவன் நான். எது நல்ல ஆப், எது ஏமாற்று ஆப், எல்லாம் என்னைக் கேளுங்கள். சிறுமலை இறங்குவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். பதினெட்டு வளைவு இருக்கிறதே.

மணி என்ன சார்? ஒன்பது இருபத்தைந்தா? உங்கள் வாட்ச் பத்து நிமிஷம் வேகமாக ஓடும். எல்லாரும் அப்படித்தான் திருகி வைத்திருப்பார்கள். ஒன்பதேகால்தான் இருக்கும். என் போன் காலையிலேயே சார்ஜ் இல்லாமல் செத்துவிட்டது, அதனால் கேட்டேன். பத்தரைக்குத் திண்டுக்கல் பதிவாளர் ஆபீஸில் இருக்க வேண்டும். என் மகளுக்குக் கல்யாணம். அவசரம் ஒன்றும் இல்லை. பத்தரை என்றால் பதினொன்றரை. கட்சிக் கூட்டம் பத்து மணிக்கு என்று நோட்டீஸ் அடிப்பான், மைக் கட்டும்போதே பன்னிரண்டு ஆகும். பார்க்காத கூத்தா?

"ஏம்ப்பா கண்டக்டர், இது பஸ்ஸா, வாழைக்காய் மண்டியா? எத்தனை தார்தான் ஏத்துவ?"

பாருங்கள், "அஞ்சு நிமிஷம்ணே" என்கிறான். அஞ்சு என்றால் பதினைந்து.

என் பெயர் பொம்முராஜ். மாட்டுத் தரகு. இருபத்தெட்டு வருஷம். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை சார், அடிதான் சொல்லித் தந்தது. பத்தொன்பது வயதில் இருந்த காசையெல்லாம் போட்டு ஒரு பசு வாங்கினேன். நாலு பல், இளம் மாடு என்றான், வாயைத் திறந்து பார்த்தேன், நாலு பல்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் கிழடு, பல்லை அரத்தால் ராவி வைத்திருக்கிறான். எட்டு லிட்டர் என்றான், இரண்டு கறந்தது. அன்றைக்கு முடிவு பண்ணினேன். எவன் எந்த எண்ணைச் சொன்னாலும் நாலில் ஒரு பங்கைக் கழித்துவிடுவது. பாலோ, விலையோ, தூரமோ, எதுவாக இருந்தாலும் சரி. வயதையும் நேரத்தையும் மட்டும் கூட்டிக்கொள்வது. அன்றிலிருந்து என்னை ஒருத்தன் ஏமாற்றியதில்லை.

நீங்கள் சந்தை பார்த்திருக்கிறீர்களா? அங்கே இரண்டு விலை உண்டு. வாயால் கத்துவது ஊருக்கு. நிஜ விலையைக் கையில் பேசுவோம். தோள்துண்டை எடுத்து இரண்டு பேர் கையையும் மூடிக்கொள்வோம். துண்டுக்குள் விரலைப் பிடித்தால் அது எண். ஒரு விரல் ஒன்று, நாலு விரல் நாலு. ஆயிரத்திலா நூறிலா என்பதை முதலிலேயே சொல்லிக்கொள்வோம். வாயால் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம். துண்டுக்குள் சொன்னது சொன்னதுதான். அதை மாற்றினவனை அடுத்த வாரம் சந்தையில் ஒருத்தனும் தொட மாட்டான்.

சரி, ஆப்புக்கு வருகிறேன்.

என் மகள் அபிநயா. ஒரே மகள். திண்டுக்கல்லில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். இரண்டு மூன்று வருஷமாக இந்தப் பெட்டி தேடுகிற விளையாட்டு. ஜியோகேச்சிங் என்று பெயர். யாரோ ஒருத்தன் மலையிலோ, மரப்பொந்திலோ, பாலத்துக்கு அடியிலோ ஒரு டப்பாவை ஒளித்துவைத்துவிட்டு இடத்தைப் போனில் ஏற்றிவிடுவான். போன் வழி காட்ட, இன்னொருத்தன் போய்த் தேடி, திறந்து, உள்ளே இருக்கிற நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவான்.

"இதுல லாபம் யாருக்கும்மா?" என்று கேட்டேன்.

"யாருக்கும் இல்லப்பா."

"அப்ப எந்தக் கிறுக்கன் மலை ஏறுவான்?"

ஏறினான் சார், ஒருத்தன் ஏறினான். ரிச்சர்ட். நிலம் அளக்கிற சர்வேயரிடம் வேலை பார்க்கிறான். இவள் திறந்த டப்பா எல்லாவற்றிலும் இவளுக்கு மேல் வரியில் அவன் கையெழுத்து. அப்படித்தான் பழக்கம்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்தான். "ஆறு மாசத்துல கல்யாணம் வெச்சுக்கலாம்னு இருக்கோம் மாமா" என்றான்.

"மாமாவா? யாருக்கு யாருடா மாமா? மூணு வருஷம் போகட்டும், பாக்கலாம்."

பையன் சரி என்று தலையை ஆட்டிவிட்டான். பேரம் பேசத் தெரியாதவன். இவள்தான் எழுந்து வந்தாள். என் தோளில் கிடந்த பச்சைத் துண்டை உருவி, என் கையையும் அவள் கையையும் மூடி, ஒரு விரலைப் பிடித்தாள். ஒரு வருஷம். சின்னப்பிள்ளையில் சந்தைக்குத் தூக்கிப் போவேன், அங்கே பார்த்துக் கற்றுக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் அந்த விரலை ஒரு அழுத்து அழுத்தினேன். முடிந்தது என்று அர்த்தம்.

ஒரு வருஷம் ஆனது. வந்து நின்றாள். நான், "இன்னும் ஒரு வருஷம் போகட்டும்" என்றேன்.

"துண்டு போட்டுச் சொன்னீங்களேப்பா?"

"அது வெளாட்டுக்கு. துண்டு யாவாரத்துக்குத்தான். மகள்கிட்டயெல்லாம் செல்லாது."

இதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள். பெற்றவனுக்கு ஒரு வார்த்தை கூட்டிக் குறைக்க உரிமை இல்லையா? அவள் கத்தவில்லை, அழவில்லை. பையைக் கட்டிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். ஆறு மாசம் ஆகிறது, ஒரு போன் கிடையாது. என் பச்சைத் துண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் சார். நல்ல துண்டு.

பதிவாளர் ஆபீஸ் போர்டில் இரண்டு பேர் பெயரும் ஒட்டியிருக்கிறது என்று ஒருத்தன் வந்து சொன்னான். நான் போய் என்றைக்குக் கல்யாணம் என்று கேட்பேனா? என் மகள் கல்யாணத் தேதியை எவனோ ஒரு கிளார்க்கிடம் கேட்கிற அளவுக்கு நான் இறங்கவில்லை.

அப்போதுதான் என் வீட்டுக்காரி ஜக்கம்மாள் போனுக்கு மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. டப்பாவுக்கான குறியீடு ஒன்று. கூடவே, "அப்பாவுக்கு வேண்டியது பெட்டிக்குள்ள இருக்கு. பதினோரு நாள் இருக்கு. அவரே எடுக்கட்டும்" என்று.

ஜக்கம்மாளிடம் கேட்டேன். "உனக்குத் தேதி தெரியும்ல?"

"தெரியும்."

"சொல்லு."

"சொல்ல மாட்டேன். எனக்கு வெச்சது எனக்கு. உங்களுக்கு வெச்சத நீங்க போய் எடுங்க."

இருபத்தைந்து வருஷம் சோறு போட்டவள் பேசுகிற பேச்சா இது?

வண்டி கிளம்பிவிட்டது, நல்லது. மெதுவாகத்தான் போவான், போகட்டும்.

இப்போது ஆப். மாடு வாங்குகிறவன் என்ன செய்வான்? பல் பார்ப்பான், நடக்க விட்டுப் பார்ப்பான். நான் ஆப்பையும் நடக்க விட்டுத்தான் பார்த்தேன். எங்கள் ஊர் டீக்கடையிலிருந்து எடை மேடை வரைக்கும் இருநூறு அடி. நானே நாடா பிடித்து அளந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவன்கள் எல்லாம், "என்ன தரகரே, மாடு தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டான்கள்.

முதல் ஆப் இலவசம். நின்ற இடத்தில் நிற்காது. நான் எடை மேடையில் நிற்கிறேன், அது என்னைக் கண்மாய்க்குள் காட்டுகிறது. அதோடு மகள் குறியீட்டைப் போட்டால், இந்தப் பெட்டி காசு கட்டினவர்களுக்குத்தான் என்றது. தூக்கிப் போட்டேன்.

இரண்டாவது ஆப்தான் சார் ஆப்! திறந்ததும் ஒரு வருஷத்துக்கு இவ்வளவு என்று கேட்டது. வேண்டாம் என்று அமுக்கினேன். உடனே இருபது சதவீதம் குறைத்தது. வேண்டாம். நாற்பது. எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. ராத்திரி மூடிவைத்துவிட்டுக் காலையில் திறந்தேன், இன்றைக்கு ஒருநாள் மட்டும் பாதி விலை என்று கெஞ்சியது. தொழில் தெரிந்த ஆப் என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் ஒரு நாள் காயப்போட்டேன். எழுபது சதவீதம் குறைத்தது. வாங்கினேன். டீக்கடையில் எல்லாருக்கும் காட்டினேன்.

அந்த ஆப்பில் என் மகள் பெட்டி இல்லை.

அது வேறு ஆட்கள் வைத்த பெட்டிகளாம், இவள் வைத்தது வேறு பட்டியலாம். சரி, மலையிலாவது வழி காட்டுமா என்று ஒரு நாள் மேலே கொண்டுபோய்ப் பார்த்தேன். சிக்னல் போனதும் வரைபடம் வெள்ளையாகிவிட்டது. சிக்னல் இல்லாத இடத்துக்கு வரைபடம் வேண்டுமென்றால் அதற்குத் தனியாகக் காசாம். ஐந்து நாள் போனது.

மூன்றாவது ஒன்று. மகள் வைத்திருப்பது அதுதான். ஒரே விலை. மூன்று தடவை வேண்டாம் என்று அமுக்கினேன், அசையவில்லை. ஒரு வாரம் என்ன, ஒரு மாசம் காயப்போட்டாலும் அசையாது என்று தெரிந்தது. நடக்க விட்டுப் பார்த்தேன். இருநூறு. திரும்ப நடந்தேன், இருநூறு. மூன்றாவது தடவையும் இருநூறு. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது சார். மூன்று தடவை கேட்டும் ஒரே எண்ணைச் சொல்கிறவனிடம் ஏதோ கோளாறு இருக்கும்.

கம்ப்யூட்டர் சென்டர் பெண்ணிடம் சொல்லி அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டேன். நான் சந்தையில் பத்துப் பேரைச் சேர்த்துவிடுகிறேன், எனக்கு விலையைப் பார்த்துப் போடுங்கள் என்று. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. எல்லாருக்கும் ஒரே விலைதான்." அந்தப் பெண் படித்துக் காட்டிவிட்டுச் சிரிக்கிறாள். நான் திரும்ப எழுதச் சொன்னேன். திரும்பவும் அதே பதில். இப்படியே புதன்கிழமை ஆகிவிட்டது.

பதினோரு நாள்தானே என்கிறீர்களா? பதினோரு நாள் என்றால் பதினைந்து நாள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். புதன்கிழமை சாயங்காலம் ஜக்கம்மாள் அவள் பட்டுச்சேலையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். கல்யாணம் கிட்டத்தில் வந்துவிட்டது என்று அதிலேயே தெரிந்தது. அன்றைக்கே முழு விலையைக் கட்டினேன். என் ஆயுளில் ஒரு பைசா குறைக்காமல் வாங்கின ஒரே பொருள் அதுதான். இன்னும் எரிகிறது.

ஆனால் பொய் சொல்லக் கூடாது சார், நல்ல ஆப். வீட்டிலேயே மலையின் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளலாம். சிக்னல் இல்லாவிட்டாலும் அம்பு காட்டும், இத்தனை அடி என்று சொல்லும். நேற்று மத்தியானம் என்னை நேராகப் பழையூர் தாண்டி ஒரு ஓடைப் பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. ஆனால் பெட்டி அங்கே இல்லை. பாலம் கிளம்புகிற இடம்தானாம். பெட்டி எங்கே என்பதற்கு அவள் ஒரு குறிப்பு போட்டிருந்தாள். "பாலத்திலிருந்து ஓடையோரமா மேல. நூறுல."

அதற்குக் கீழே ஒரு படம். என் பச்சைத் துண்டு. துண்டுக்கு அடியில் இரண்டு கை. நாலு விரல் பிடித்திருப்பது துண்டுக்கு மேல் முட்டிக்கொண்டு தெரிகிறது.

நாலு விரல், நூறில். நானூறு அடி. வேறு எவனுக்காவது புரியுமா? எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. நானூறு என்கிறாள், அப்படியென்றால் முந்நூறு. போனில் முந்நூறு காட்டுகிற இடத்தில் நின்று தேட ஆரம்பித்தேன். பொந்து, பாறையிடுக்கு, வேர், ஒன்று விடவில்லை. கையெல்லாம் கீறல், பாருங்கள். இருட்டியதும் மேலே தெரிந்தவர் ஒருத்தர் வீட்டில் படுத்துவிட்டு, விடியக்காலையில் மறுபடி வந்தேன். முந்நூறில் இல்லை. சரி, அவள் என் மகளாயிற்றே, கூடக் கொஞ்சம் ஏற்றித்தான் சொல்லியிருப்பாள் என்று இருநூற்றைம்பதுக்கு இறங்கினேன். அங்கேயும் இல்லை. எட்டு மணி இருக்கும். எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு நல்ல கொம்பை எடுத்து அந்தப் புதரையே அடித்து நொறுக்கினேன். "அப்பன வெச்சு வெளாடுறியா, அப்பன வெச்சு வெளாடுறியா" என்று கத்திக்கொண்டே அடித்தேன். யாரும் பார்க்கவில்லை.

அப்புறம் ஒதுங்கலாம் என்று ஓடையோரமாக இன்னும் மேலே போனேன். ஒரு பாறைக்குப் பின்னால் உட்காரப் போனால், அடியில் ஏதோ நீலமாகத் தெரிகிறது. அவள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன சோற்று டப்பா சார்! குருட்டு அதிர்ஷ்டம். போனைப் பார்த்தேன், நானூறு காட்டியது.

உள்ளே ஒரு சீட்டு. அதைச் சுற்றி ஒரு துணி. இதோ, இந்தத் துணிதான். வேர்வை துடைக்க வைத்திருக்கிறாள் போல. முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சீட்டைப் படிக்கிறேன், கேளுங்கள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை காலை பத்தரை. பதிவாளர் ஆபீஸ். மூணு சாட்சி வேணும். அம்மா ஒண்ணு. ரிச்சர்டோட அப்பா ஒண்ணு. மூணாவது இடம் உங்களுக்குத்தான் வெச்சிருக்கேன். பத்தரைக்கு நீங்க வரலைன்னா வாசல்ல நிக்கிற யாராவது ஒருத்தரக் கூப்பிட்டுப் போடச் சொல்லிருவோம்."

எழுதியிருப்பதைப் பாருங்கள், யாராவது ஒருத்தராம். பத்திரம் எழுதுகிறவனோ, ஜெராக்ஸ் எடுக்க வந்தவனோ. சும்மா மிரட்டல். பொம்முராஜ் மகள் கல்யாணத்துக்கு எவனோ கையெழுத்துப் போடுவானா? பத்தரை என்றால் பதினொன்றரை. பதினொன்றேகாலுக்கு நான் போய் நின்றால், "வந்துட்டீங்களாப்பா" என்பாள்.

என்ன சார்? சொல்லுங்கள். இவ்வளவு நேரம் பேசாமல் வந்தீர்கள், இப்போது ஏதோ கேட்கிறீர்கள்.

நாலு விரல் பார்த்ததும் நானூறு என்று தெரிந்தும், ஏன் முந்நூறில் தேடினேன் என்றா?

சொன்னேனே சார், எவன் எந்த எண்ணைச் சொன்னாலும் நாலில் ஒரு பங்கு... என்னது? அது வாயால் சொன்னால்தானே என்றா? துண்டுக்குள் சொன்னதற்குமா என்று கேட்கிறீர்களா?

இல்லை, துண்டுக்குள் சொன்னதைக் கழிக்க மாட்டோம். சொன்னேனே, துண்டுக்குள் சொன்னது...

இருங்கள்.

இந்தத் துணியைக் கொஞ்சம் பிடியுங்கள் சார். விரித்துப் பிடியுங்கள். பச்சை. கரையில் சிவப்புக் கோடு. இது என் துண்டு. பாதியாகக் கிழித்திருக்கிறாள். வேர்வை துடைக்க வைக்கவில்லை சார். சீட்டை இதற்குள் வைத்து மூடியிருந்தாள். நான் பாட்டுக்குப் பிரித்து முகத்தைத் துடைத்தேன்.

நானூறு என்றாள். நானூறில் இருந்தது. ஒரு அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பதினோரு நாள் என்றாள். இன்றைக்குப் பதினோராவது நாள்.

சார், மணி என்ன?

பத்து மூன்றா.

"கண்டக்டர்! ஏம்ப்பா, திண்டுக்கல் எத்தனை மணிக்குப் போவ? பத்து அம்பதா? அதுக்கு மேல போவாது? என்னய்யா இப்படி உருட்டுறீங்க! ஏறுற லாரிக்கு ஒதுங்கி நிக்கிறீங்களா, எவ்வளவு நேரம் நிப்பீங்க? என் மகளுக்குக் கல்யாணம்யா! உங்களுக்குச் சொன்னா புரியாது, பத்தரைக்கு! பத்தரைன்னா பத்தரை!"

கத்தாதீர்கள் என்கிறான் சார். நான் எப்படிக் கத்தாமல் இருப்பது? அவள் துண்டுக்குள் வைத்துச் சொல்லியிருக்கிறாள். நான் அவளிடம் துண்டு செல்லாது என்றவன். என்னிடம் போய் மறுபடி அதே துண்டுக்குள் வைத்து... பத்தரை ஆனால் வாசலுக்கு வந்து பார்ப்பாள் சார். ஒரு நிமிஷம் கூட நிற்க மாட்டாள். யாராவது ஒருத்தரைக் கூப்பிட்டுவிடுவாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

பின்னால் ஹாரன் அடிக்கிறானே, அது என்ன வண்டி? ஜீப்பா? காலியாக இருக்கிறதா? கொஞ்சம் காலை நகர்த்துங்கள். இந்தச் சீட்டைப் பிடியுங்கள், இல்லை வேண்டாம், கொடுங்கள். துணியையும் கொடுங்கள்.

"ஏ ஜீப்பு! நில்லுப்பா! திண்டுக்கல் பதிவாளர் ஆபீஸ். பத்தரைக்குள்ள கொண்டுபோய் விட முடியுமா? அடிச்சு ஓட்டினா முடியுமா? சரியா சொல்லு. முடியும்கிறியா? எவ்வளவு?"

என்ன சொன்னான் சார், கேட்டதா? ஆயிரத்து ஐந்நூறு.

ஆயிரத்து...

சார், கீழே இறங்கிவிட்டேன், ஜன்னல் வழியாக உங்கள் வாட்சைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள். பத்து ஐந்து. சரி சார். உங்கள் வாட்சில் பத்து ஐந்து என்றால் பத்து ஐந்துதான்.

"ஆயிரத்தி ஐந்நூறுதானப்பா? சரி. எடு வண்டிய."